காற்று போகும் வழி எது?



காற்றைக் கண்ணால் காண இயலாது. ஆனால் அது இல்லாதபோது அதன் அருமையைக் காலால் உணரலாம். ஆம்! சைக்கிளில் பள்ளிக்கு வரும் நம்மில் காற்றுப்போன சக்கரத்தை உச்சி வெயிலில் உருட்டிக்கொண்டு நடக்காதவர் யார்? முதல் பாடவேளைக்குத் தாமதமாக வந்து வகுப்பு வாசலில் தலைகுனிந்து நிற்காதவர் யார்?

பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு கற்ற பாடங்களுள் ஒன்று எந்தப் பாடநூலிலும் இல்லை. சைக்கிள் டியூப்பிலிருந்து காற்று எவ்வழியாகக் கசிகிறது என்று முறையாகக் கண்டறிவதே அப்பாடம். அதைக் கற்பதற்குள் நாங்கள் ஒரு பெருந்தவறும் செய்துவிட்டோம். அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாடத்திற்கு வருகிறோம்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு வாரம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சைக்கிளில் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாளும் மாலை மணி அடித்துப் போய்ப் பார்த்தால் பின்சக்கரத்தில் காற்று இல்லை. காலையில் வரும்போது சக்கரம் கல்லைப்போல் இருந்தது. பக்கத்தில் நின்ற சைக்கிள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "யாரோ வேண்டுமென்றே காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள்" என்றாள் ஒருத்தி. "யாரென்று எனக்குத் தெரியும்" என்றாள் இன்னொருத்தி. ஆண்டு விழா நடனத்தில் இடம் கிடைக்காத வருத்தத்தில் அத்தோழியிடம் பேசாதிருந்த ஒரு மாணவியை, செவ்வாய்க்கிழமை இடைவேளையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் குனிந்து நின்றதாகப் பார்த்தவர்கள் இருந்தனர். அவ்வளவுதான். விசாரணை முடிந்தது; தீர்ப்பும் ஆயிற்று. மதிய உணவுக்கு அவள் அருகில் யாரும் அமரவில்லை. அவள் கேட்ட நோட்டை யாரும் கொடுக்கவில்லை. ஒரு வாரம் அவள் வேப்பமரத்தடியில் தனியே அமர்ந்து உண்டாள்.

அடுத்த வாரமும் சக்கரம் காற்றை இழந்தது. எங்கள் புகார் தலைமையாசிரியை சிஸ்டரிடம் சென்றது. சிஸ்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காற்றைப் பிடுங்கியவளைத் தேடினீர்கள். காற்று போகும் வழியைத் தேடினீர்களா?"

நாங்கள் விழித்தோம். சிஸ்டர் எங்களை இயற்பியல் டீச்சரிடம் அனுப்பினார். டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீருடன் சைக்கிள் நிறுத்துமிடத்திற்கு வந்தார். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறோம். அதற்குமுன் டீச்சரும், பள்ளி எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும் கற்பித்ததைத் தோழியர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும்.

காற்று ஏன் வெளியேறுகிறது?

நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறத்தாழ 14.7 பவுண்டு எடையுடன் அழுத்துகிறது. சாதாரண சைக்கிள் டயரில் அதற்கு மேலும் 40 முதல் 50 பவுண்டு வரை அழுத்தம் ஏற்றுவது வழக்கம். சரியான அளவு டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே அழுத்தம் மிகுதி, வெளியே குறைவு. ஆகவே ஊசிமுனை அளவு வழி கிடைத்தாலும் காற்று வெளியே ஓடிவிடும். வழி பெரிதானால் நிமிடத்தில் போகும். சிறிதானால் மணிக்கணக்கில் போகும். ரப்பரின் ஊடாகவே காற்று மிக மெதுவாகக் கசிவதும் உண்டு. இதனால்தான் விடுமுறை முழுவதும் மூலையில் நின்ற சைக்கிள், எப்பழுதும் இன்றியே சக்கரம் தளர்ந்து நிற்கிறது.

காற்றடைத்த சக்கரத்திற்கு 1845-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாட்டவரான ராபர்ட் தாம்சன் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது அன்று பரவவில்லை. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டுமென்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துப் பொருத்தினார். அதன்பின் காற்றுச் சக்கரம் உலகெங்கும் பரவியது. பஞ்சரும் கூடவே பரவியது!

வால்வு எப்படி வேலை செய்கிறது?

நம் ஊர்ச் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் உள்ள வால்வின் நடுவே ஒரு சிறு உலோகத் தண்டு உண்டு. அதன் உள்ளே துளை. அத்துளை தண்டின் பக்கவாட்டில் திறக்கும். அந்தத் திறப்பை மூடியவாறு ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் மாட்டப்பட்டிருக்கும். இதைத்தான் அண்ணாச்சி 'வால்டியூப்' என்கிறார். நாம் பம்பை அழுத்தும்போது காற்று அந்த ரப்பரைச் சற்றே விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அழுத்துவதை நிறுத்தியதும் உள்ளே சென்ற காற்றே ரப்பரை அழுத்தித் திறப்பை மூடிவிடுகிறது. போகும் வழியைப் போன காற்றே அடைக்கிறது! இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் அந்த வால்டியூப் சில ரூபாய்க்குக் கிடைப்பது. அது வெடித்தாலோ, இற்றுப்போனாலோ, பிசுபிசுத்தாலோ முழுச் சக்கரமும் வீண்.

இனி, கசிவைத் தேடும் முறையைப் படிப்படியாகக் காண்போமா? எளியதை முதலில் பார்; கடினமானதைக் கடைசியில் பார். இதுவே அண்ணாச்சியின் முதல் விதி. டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு யோசிப்பவரைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வருகிறது.

முதற்படி: கேட்டுத் தெரிந்துகொள்.

காற்று எப்போது போயிற்று? ஓடும்போது திடீரென்று போயிருந்தால் ஆணியோ கண்ணாடித் துண்டோ குத்தியிருக்கலாம். சில மணி நேரத்தில் மெல்லப் போனால் சிறு முள்ளாகவோ வால்டியூப்பாகவோ இருக்கலாம். வாரக்கணக்கில் குறைந்தால் அது இயல்பே, காற்றடித்தால் போதும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், கடைசியாகக் காற்றடித்தது எப்போது என்று கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இரண்டாம்படி: வால்வைச் சோதி.

நன்கு காற்றடித்துக்கொள். வால்வு சக்கரத்தின் மேற்பகுதியில் தலைகீழாகத் தொங்குமாறு சக்கரத்தைச் சுழற்றி நிறுத்து. மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அடியிலிருந்து உயர்த்தி, வால்வின் வாய் தண்ணீரில் மூழ்குமாறு பிடி. ஒரு நிமிடம் பொறுமையாகப் பார். குமிழி வந்தால் வழி கிடைத்துவிட்டது. டயரைத் தொடவே வேண்டாம். ஆனால் வால்வின் மேல்திருகு தளர்ந்திருந்தாலும் குமிழி வரும். ஆகவே முதலில் அதை இறுக்கிவிட்டு மறுபடியும் பார்க்கவேண்டும். அப்போதும் வந்தால் வால்டியூப்பை மாற்றவேண்டும்.

மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. காற்று நிறைந்திருக்கையில் மேல்திருகை முழுதும் கழற்றினால் தண்டு தோட்டாவைப்போல் பறக்கக்கூடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திருகைச் சிறிது தளர்த்திக் காற்றை வெளியேற்றிய பின்னரே கழற்றவேண்டும். பழைய ரப்பரைத் துணுக்கும் மிச்சமின்றி உரித்தெடு. புதியதைத் தண்ணீரில் நனைத்து, பக்கத் திறப்பை மூடி மேலே தண்டின் தடித்த பகுதி வரை ஏறுமாறு மாட்டு. வழுக்கட்டும் என்று எண்ணெய் தடவாதே. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.

மூன்றாம்படி: டியூப்பை வெளியே எடு.

வால்வில் குமிழி வரவில்லையென்றால்தான் இந்த வேலை. காற்றை முழுதும் இறக்கி, ரிம்மோடு வால்வைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்று. டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் லீவரால் நெம்பி ரிம்முக்கு வெளியே கொண்டுவா. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதே. அதன் கூர்முனை, இல்லாத ஓட்டையையும் உண்டாக்கிவிடும். உருவி எடுத்த டியூப்பில் அது உருண்டு திரளும் அளவுக்கு மட்டும் காற்றடி. டயர் இல்லாத வெறும் டியூப்பில் அளவுக்கு மீறி அடித்தால் அது ஓரிடத்தில் பலூனாக வீங்கிவிடும்.

நான்காம்படி: தண்ணீரிடம் கேள்.

பேசினில் தண்ணீர் ஊற்றி, வால்விலிருந்து தொடங்கி டியூப்பைச் சாண் சாணாக முக்கு. மெல்ல அழுத்திப் பார். டியூப்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகளைக் கையால் தடவிவிட வேண்டும். அவை தண்ணீருக்குள் நாம் கொண்டுபோன காற்று. தடவிய பின்னும் ஒரே இடத்திலிருந்து வரிசையாக எழும் குமிழியே கசிவு. அவ்விடத்தை அடையாளமிடு. முதல் ஓட்டை கிடைத்ததும் மகிழ்ச்சியில் நிறுத்திவிடாதே! முழு வட்டமும் சுற்றி வால்வுக்கு வந்து சேரும்வரை பார். வால்வு டியூப்போடு சேரும் அடிப்பகுதியையும், முன்பு போட்ட பழைய ஒட்டுகளின் ஓரங்களையும் இருமுறை பார்.

ஐந்தாம்படி: காரணத்தைக் கண்டுபிடி.

நாங்கள் இதுவரை கேள்விப்படாத படி இதுவே. ஓட்டை இருக்கும் இடமே அதன் காரணத்தைச் சொல்லும் என்றார் அண்ணாச்சி. டியூப்பின் வெளிப்பக்கம், அதாவது சாலையை நோக்கிய பக்கம் ஓட்டை இருந்தால், முள்ளோ ஆணியோ இன்னும் டயரிலேயே இருக்கக்கூடும். நம் பகுதியில் சீமைக்கருவேல முள்ளே பெரும்பாலும் குற்றவாளி. அதை எடுக்காமல் டியூப்பை மட்டும் ஒட்டினால் மறுநாளே மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தை வெறும் விரலால் தேய்க்காமல் ஒரு பழைய துணியால் துடைத்துப் பார். முள் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். ஓட்டை உட்பக்கம், அதாவது ரிம்மை நோக்கி இருந்தால் ஸ்போக்ஸ் கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிம்மின் மேல் சுற்றும் பட்டை விலகியிருக்கிறது. பக்கம் பக்கமாக இரண்டு வெட்டுகள் இருந்தால் குறைந்த காற்றோடு குண்டு குழியில் ஏற்றி, ரிம் டியூப்பைக் கடித்துவிட்டது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றுக் குறைந்த சக்கரத்தில் டியூப் நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது; அதை ஒட்டிப் பயனில்லை, டியூப்பை மாற்றவேண்டும்.

ஒட்டுவது எளிது, பொறுமைதான் வேண்டும். ஓட்டையைச் சுற்றி ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு மறைந்து விரலில் ஒட்டாத நிலை வரும்வரை காத்திரு. ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் நம்மவர் செய்யும் பெரிய பிழை. பிறகு ஒட்டுத் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரம் நோக்கி நன்கு அழுத்து. சிறிது பவுடர் தூவி, மீண்டும் ஒருமுறை தண்ணீரில் முக்கிச் சோதித்த பின்னரே டயருக்குள் வை.

பம்பே குற்றவாளியாவதும் உண்டு. எவ்வளவு அடித்தும் காற்று ஏறாவிட்டால் சக்கரத்தைப் பழிக்காதே. பம்பின் உள்ளே உள்ள தோல் வாஷர் உலர்ந்திருந்தால் காற்று பின்புறமாகவே தப்பிவிடும். அந்தத் தோலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் மீண்டும் விரிந்து பிடித்துக்கொள்ளும். ரப்பருக்கு ஆகாத எண்ணெய் தோலுக்கு மருந்தாவதைக் கவனித்தீர்களா?

வெயிலைப் பற்றி ஒரு கணக்கும் போட்டோம். 30 பாகை செல்சியஸில் 45 பவுண்டு அடித்த சக்கரம் வெயிலில் 60 பாகைக்குச் சூடேறினால் என்ன ஆகும்? வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே மொத்தம் 59.7 பவுண்டு. தனிவெப்பநிலை 303-லிருந்து 333 ஆகிறது. ஆகவே அழுத்தம் ஏறத்தாழ 65.6 பவுண்டு, அதாவது சுமார் 6 பவுண்டு மட்டுமே உயர்வு. இதனால் நல்ல டியூப் வெடிப்பதில்லை. ஆனால் வெயில் நாள்தோறும் படும் ரப்பர் விரைவில் இற்றுப்போகும். சரியாக ஒட்டாத பழைய ஒட்டும் பிரியும். நிழலில் நிறுத்துவது டியூப்பின் ஆயுளைக் கூட்டும்.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

டீச்சர் டம்ளரை உயர்த்தி வால்வின் வாயை மூழ்கவைத்தார். நாங்கள் சுற்றி நின்றோம். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. மேல்திருகை இறுக்கிய பின்னும் அவ்வாறே வந்தது. அண்ணாச்சி வந்து காற்றை இறக்கித் தண்டை எடுத்தார். வால்டியூப்பில் நகக்குறி போல ஒரு வெடிப்பு இருந்தது. "இது ஆறேழு மணி நேரத்துல சக்கரத்தை இறக்கிடும்மா" என்றார்.

அப்போதுதான் டீச்சர் எங்கள் தோழியிடம் கேட்டார்: "காலையில் யார் காற்றடிப்பது?" "அண்ணன்தான் டீச்சர், தினமும் அடித்துத் தருவான்." "பள்ளி இல்லாத நாளில்?" தோழி சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "சனிக்கிழமை சாயந்தரம் அண்ணன் கடைக்குப் போகக் காற்றடித்தான். ஞாயிறு காலையில் கோயிலுக்குப் புறப்படும்போது வாசலிலேயே காற்றில்லாமல் நின்றது."

எங்களில் எவரும் பேசவில்லை. இதே செய்தியை அவள் திங்கட்கிழமையே எங்களிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் கேட்டோம், ஆனால் எண்ணிப் பார்க்கவில்லை. பள்ளியில் காற்றைப் பிடுங்கும் கை, சனி இரவு அவள் வீட்டு வாசலுக்கு எப்படி வந்திருக்கும்? முதற்படியைச் செய்திருந்தாலே போதும். டம்ளர் தண்ணீர்கூட வேண்டியிருக்காது.

அந்த மாணவி அன்று குனிந்து நின்றது எதற்காக? கழன்றுவிட்ட தன் சைக்கிள் சங்கிலியை மாட்டுவதற்காக. ஒருத்தியேனும் அவளிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று மாலையே நாங்கள் எல்லோரும் வேப்பமரத்தடிக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் உடனே சிரித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. அவள் அழுதாள். எங்களோடு மறுபடி சேர்ந்து உண்ண இரண்டு வாரம் ஆயிற்று. டியூப்பில் ஓட்டையை அடைக்க ஐந்து நிமிடம் போதும். மனத்தில் நாம் போட்ட ஓட்டையை அடைக்க எத்தனை நாளாகும் என்று எந்த அண்ணாச்சியும் சொல்ல முடியாது.

இப்போது சிஸ்டரின் அனுமதியுடன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம். ஒரு பம்பு, இரண்டு லீவர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள், ஒரு கட்டு வால்டியூப், ஒரு டம்ளர் ஆகியவை அதில் உள்ளன. பெட்டியின் பொறுப்பை ஏற்றிருப்பவள் நாங்கள் வீணாகப் பழித்த அந்த மாணவியே. சங்கிலி மாட்டுவது முதல் பஞ்சர் ஒட்டுவது வரை எங்களுள் அவளே கைதேர்ந்தவள். கீழ்வகுப்புத் தங்கையர், "அக்கா, காற்று நிற்கவில்லை" என்று வந்தால், "எப்போதிலிருந்து?" என்றுதான் அவள் முதலில் கேட்கிறாள்.

1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களிடையே ஊக்குவித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றனர். இன்று அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் வரும் மாணவியர் எத்தனையோ பேர். ஓட்டத் தெரிந்த நாம் பழுதையும் பார்க்கத் தெரிந்துகொண்டால், நடுவழியில் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் பெரியோர். தோழியரே, இனி உங்கள் சக்கரத்தில் காற்று இல்லையென்றால் ஆளைத் தேடாதீர்கள். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவாருங்கள்.